எழுபத்தைந்து கிலோ

தேசிய விமான நிறுவனத்தில் முப்பத்தேழு வருடம் வேலை பார்த்தும் ஒரு தடவைகூட விமானத்தில் பறக்காத மனிதர் தராசு. சீட்டு கிடைக்காமல் இல்லை. ஊழியர் குடும்பத்துக்கு வருடத்துக்கு இரண்டு இலவசப் பயணம் உண்டு. வீட்டுக்காரியும் மகளும் போய்விட்டு வந்து, ஜன்னலில் பார்த்த மேகத்தைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். இவர் மட்டும் ஏறவில்லை. கேட்டவர்களிடம், "நானும் ஏறிட்டா கீழ எவன் பாத்துக்குவான்?" என்பார். பயம் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு விமானம் கிளம்பும்போது அதன் முன்பக்கம் எவ்வளவு பாரம், பின்பக்கம் எவ்வளவு பாரம் என்று சுத்தமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் அந்த நிலையத்தில் இரண்டே பேர். ஒன்று இவர். இன்னொன்று கம்ப்யூட்டர். இரண்டில் எது தப்பாகச் சொன்னது, அதற்கு யார் தண்டனை வாங்கியது என்பதுதான் இங்கே சொல்லப்போவது.

தராசு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, சிமெண்ட் கிடங்கு, மரக்கடை, லாரி ஷெட் என்று முதுகால் சம்பாதித்துக்கொண்டிருந்தவர், இருபத்தோரு வயதில் விமான நிலையத்தில் மூட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது நிறுவனத்திடம் மூன்றே விமானங்கள். மூன்றும் எவனோ ஓட்டித் தள்ளிவிட்டவை. கதவில் புதுப் பெயிண்டுக்கு அடியில் பழைய முதலாளியின் எழுத்து, வெயில் சாய்வாக விழுந்தால் தெரியும். அதை ஒருத்தரும் குறைவாக நினைக்கவில்லை. நம் விமானம், நம் கொடி, நம் ஆட்கள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த காலம் அது. பயணிகள் கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோல் உடுத்திக்கொண்டு வருவார்கள். ஏறி உட்கார்ந்ததும் பணிப்பெண் ஒரு தட்டில் காதடைப்புக்குப் பஞ்சும் வாயில் போட்டுக்கொள்ள மிட்டாயும் கொண்டுவந்து நீட்டுவாள். வானம் அமைதியாக இருந்தால் பிளாஸ்க்கிலிருந்து டீ. ஆட்டம் இருந்தால் டீ கிடையாது, மிட்டாய் மட்டும்.

அந்தச் சின்ன விமானங்களில் ஏறுகிறவர்களைப் பெட்டியோடு சேர்த்து நிறுத்துத்தான் அனுப்புவார்கள். கிடங்கில் இருக்குமே, ஆள் ஏறி நிற்கிற பலகைத் தராசு, அதுதான். முள் காட்டும் வட்டத்தைப் பயணிக்குத் தெரியாதபடி ஊழியர் பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். எண்ணை வாசித்துக் குறித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். வாசிக்கத் தெரிய வேண்டும், வாசித்ததை வெளியில் சொல்லக்கூடாது. இரண்டும் சேர்ந்த ஆள் இவர் ஒருவர்தான் என்று அதிகாரி இவரை நிறுத்தினார். ஆறு மாதத்தில் இவருக்குத் தராசு தேவைப்படவில்லை. ஆள் படியில் கால் வைக்கும்போதே எடை நாக்கில் வந்து நிற்கும். பெரிய மனிதர்கள் பலருடைய உண்மையான எடை அவர்கள் வீட்டில் தெரியாது, இவருக்குத் தெரியும். கடைசிவரை யாரிடமும் சொன்னதில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

பிறகு பெரிய விமானங்கள் வந்தன. வாலில் புதிதாக ஒரு பறவை வரைந்தார்கள். மிட்டாய்த் தட்டு போய் சூடான சாப்பாட்டுத் தட்டு வந்தது. மனிதனை மூட்டை மாதிரி நிறுப்பது மரியாதைக் குறைவு என்று யாரோ பத்திரிகைக்கு எழுதினார்கள். தலைமை அலுவலகம் உடனே ஒரு சுற்றறிக்கை விட்டது. இனிமேல் பயணியை நிறுக்க வேண்டாம். ஆணோ பெண்ணோ, நோஞ்சானோ மல்லனோ, கைப்பையோடு சேர்த்து ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ என்று கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டியது. இருநூறு பேர் ஏறும் விமானத்தில் குண்டும் ஒல்லியும் கலந்து எழுபத்தைந்துக்கு வந்துவிடும் என்பதைத் தராசும் ஒப்புக்கொண்டார். ஆனால் அன்றைக்கே சக ஆட்களிடம், இது கூட்டத்துக்குச் சரி, ஒரே மாதிரி ஆட்களாக வந்து ஏறினால் என்ன செய்வார்கள் என்று கேட்டார். பதில் சொல்லும் அளவுக்கு அங்கே யாருக்கும் அது கவலையாகப் படவில்லை.

மூட்டை ஏற்றுகிறவன் எப்படி பாரக் கணக்கு எழுதும் லோடு மேஜைக்கு வந்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த மேஜைதான் அவர் வாழ்க்கையில் தானே கட்டிய ஒரே வீடு. விமானம் கிளம்புமுன் லோடு ஷீட் என்று ஒரு தாள் தயாராகும். எத்தனை ஆள், எந்த வரிசையில், எந்தச் சரக்கு அறையில் எத்தனை கிலோ பெட்டி, எல்லாம் சேர்ந்து விமானத்தின் பாரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். அதில் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானி இன்ஜினைத் தொடுவார். தராசு அந்தத் தாளின் கார்பன் நகல்களைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவார். தாளில் உள்ள கணக்கையும், அன்று விமானத்தின் முன்கால் நின்ற நிலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைப்பார்.

முன்கால் என்றால் மூக்குக்குக் கீழே இருக்கும் சக்கரத்தின் கால். அதற்குள் எண்ணெயில் ஏறி இறங்கும் எஃகுத் தண்டு ஒன்று பளபளவென்று தெரியும். முன்பக்கம் பாரமாக இருந்தால் தண்டு உள்ளே அமுங்கி இரண்டு விரல் அகலம் தெரியும். பின்பக்கம் பாரம் கூடக்கூட மூக்கு லேசாகி, தண்டு மூன்று விரல், நான்கு விரல் என்று வெளியே வரும். புத்தகத்தில் இப்படி யாரும் விரலால் அளக்கச் சொல்லவில்லை. பதினாறு வருடம் அதன் அடியில் குனிந்து பெட்டி தள்ளியவருக்கு யாரும் சொல்லவும் வேண்டியதில்லை.

முப்பத்தெட்டு வயதில் துறைத் தேர்வு எழுத விண்ணப்பம் போட்டார். பட்டம் படித்த பதினொரு பேர் நடுவில் இவர் ஒருவர் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். கேள்வியை வாசிக்க மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. கணக்கைப் போட அதில் பாதி நேரம்கூட ஆகவில்லை. முழு மதிப்பெண் வாங்கியது அவர் ஒருவர்தான். அந்த மதிப்பெண் தாளைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும் என்று இவர் சொன்னபோது வீட்டுக்காரி, "மாட்டலாம். அதுக்கு முன்னாடி சாஞ்சு நிக்கிற அந்த அலமாரிக்கு ஒரு கணக்குப் போட்டு நிமித்துங்க" என்றாள். இரண்டையும் அன்றைக்கே செய்தார்.

பிறகு பதினேழு வருடம் லோடு மேஜை. அந்தப் பதினேழு வருடத்தில் நிறுவனம் எத்தனையோ குட்டிக்கரணம் போட்டது. வேறொரு நிறுவனத்தோடு சேர்த்தார்கள், பிரித்தார்கள், பறவையின் நிறத்தை மாற்றினார்கள், நஷ்டம் என்று பத்திரிகைகள் கிழித்தன, பெரிய விமானங்களில் இரண்டை விற்றுவிட்டுக் பக்கத்து ஊர் வழிகளுக்கு மறுபடியும் இறக்கையில் விசிறி வைத்த சின்ன விமானங்களை வாங்கினார்கள். சாப்பாட்டுத் தட்டு மறுபடி சுருங்கிப் பொட்டலமாகி, பொட்டலமும் சுருங்கித் தண்ணீர் பாட்டிலாகியது. இத்தனை கூத்திலும் தராசின் பெயரில் ஒரு விமானம் ஒரு நிமிடம் தாமதமானதில்லை. இதை அவர் வாரத்துக்கு ஒருமுறையாவது யாரிடமாவது சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளும்படியாக இருந்தது, சொன்னார்.

ஓய்வுக்கு ஐந்து வருடம் இருக்கும்போது புதிய விதி வந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் லோடு ஷீட்டில் கையெழுத்துப் போடக்கூடாது. தராசு தலைமை அலுவலகத்துக்கு நேரில் போய் மூன்று நாள் வராந்தாவில் நின்று, தனக்கு மட்டும் ஒரு விலக்கு வாங்கிவந்தார். வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். அதில் ஒரு நிபந்தனை: லோடு மேஜையின் காரணமாக ஒரு விமானம் கால்மணி நேரத்துக்குமேல் தாமதமானால் அன்றே விலக்கு ரத்து, ஆள் மறுபடியும் மூட்டை ஏற்றும் பிரிவுக்கு. "அப்படி ஒரு நாள் வந்தா நானே சட்டையைக் கழட்டிக் குடுத்துடறேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நாள் இரண்டு வருடம் கழித்து ஒரு மத்தியானம் வந்தது.

லோடு மேஜைக்குப் பக்கத்தில் முன்பெல்லாம் பெரிய ஜன்னல் ஒன்று இருந்தது. நிற்கும் விமானமும் நடந்து போகும் பயணிகளும் தெரியும். கம்ப்யூட்டர் வந்ததும் குளிர் அறை வேண்டும் என்று மேஜையை உள்ளே தள்ளிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. திரையில் வருவதுதான் உலகம். அன்று நாற்பத்தெட்டு இருக்கை விமானம் ஒன்றுக்கு முப்பத்தோரு பயணிகள் என்று திரை சொன்னது. பதினேழு பேர் கடைசி வரிசைகளில், மற்றவர்கள் நடுவில். ஆளுக்கு எழுபத்தைந்து. பெட்டிகள் நிறுத்த எடை. எல்லாம் எல்லைக்குள் என்று பச்சை விளக்கு. தராசு தாளை எடுத்துப் பார்த்தார். கணக்கில் பிழை இல்லை. கையெழுத்துப் போட்டார். தாளை விமானியிடம் கொடுக்க எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

விமானத்தை நெருங்கும்போதே கால் தயங்கியது. முன்கால் தண்டு ஐந்து விரல் வெளியே நின்றது. அந்த விமானத்தில் ஐந்து விரலை அவர் பார்த்ததே இல்லை. குனிந்து கையை வைத்துப் பார்த்தார். ஐந்து விரலும் அதற்குமேல் ஒரு நூலும்.

பின்பக்கம் போனார். இந்தச் சின்ன விமானத்தில் பயணிகள் வால் பக்கக் கதவு வழியாக ஏறுவார்கள். எல்லோரும் பின்னால் கூடும்போது விமானம் பின்னங்காலில் உட்காரும் நாய் மாதிரி சாய்ந்துவிடக்கூடாது என்பதற்காக வாலுக்குக் கீழே ஓர் இரும்புக் கம்பை முட்டுக்கொடுத்து வைப்பார்கள். வாலுக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை இடைவெளி எப்போதும் இருக்கும். இன்று ஒரு காகிதம் நுழைய இடமில்லை. வால் கம்பின்மேல் உட்கார்ந்திருந்தது. எல்லோரும் ஏறி முடிந்தாகிவிட்டது. கம்பை உருவிக்கொண்டு போக நின்றவன் ஒட்டடை என்கிற நெட்டையான தொழிலாளி.

"ஒட்டடை, பின்னால யாருடா உக்காந்திருக்கான்?"

"பளு தூக்குற டீம் அண்ணே. பதினேழு பேரு. ஒவ்வொருத்தனும் கதவு நிலையைத் தோளால ரெண்டா பொளந்துட்டுத்தான் உள்ள போனான். ஏணி படி அழுதுச்சு."

தராசு ஏணியில் நான்கு படி ஏறி உள்ளே எட்டிப் பார்த்தார். கடைசி நான்கு வரிசைகளிலும் அதற்கு முன்வரிசை ஓர் இருக்கையிலும் கழுத்தில்லாத மனிதர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் இவரைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். இவர் எண்ணிக்கொண்டே போனார்: நூற்றெட்டு, தொண்ணூற்றாறு, நூற்றிருபது. கீழே இறங்கும்போது மொத்தம் ஆயிரத்து எண்ணூறுக்குப் பக்கம் என்று தெரிந்துவிட்டது. தாளில் அந்தப் பதினேழு பேருக்கு எழுதியிருந்தது ஆயிரத்து இருநூற்று எழுபத்தைந்து.

இந்த இடத்தில் இன்னொரு மனிதராக இருந்தால் என்ன செய்திருப்பார் என்று சொல்வது எளிது. தாளில் பிழை இல்லை. விதிப்படி எழுதிய கணக்கு. கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. பதினேழு வருடப் பெயரும் மேஜையும் நிற்கும். நிறுத்தினால் கால்மணியில் முடியாது என்பது தராசுக்குத் தெரியும். நிறுத்தினால் மேஜை போய்விடும் என்பதும் தெரியும். மேஜையை நினைக்காமல் இல்லை. நினைத்துக்கொண்டேதான் ஒட்டடையின் கையிலிருந்த பூட்டுச் சங்கிலியைப் பிடுங்கி, முட்டுக்கம்பை வாலோடு சேர்த்துச் சுற்றிப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கம்பின்மேல் ஒரு கையை வைத்து நின்றார்.

ஏழாவது நிமிடம் நிலைய மேலாளர் ஓடிவந்தார். முப்பத்திரண்டு வயது, கழுத்தில் டை, கையில் வாக்கி டாக்கி. தாமதமான நிமிடங்களைத் தன் ரத்தம் சொட்டுவதுபோல் எண்ணுகிறவர். தாளை வாங்கிப் பார்த்தார், கம்ப்யூட்டரில் பச்சை விளக்கு எரிவதைச் சொன்னார், விதி எண்ணைச் சொன்னார், விலக்கின் நிபந்தனையையும் மெதுவாக நினைவுபடுத்தினார். கடைசியில் பொறுமை போய்விட்டது.

"பெரியவரே, கையெழுத்து நீங்க போட்டது. நீங்களே போட்டுட்டு நீங்களே நிறுத்துறீங்களா?"

"போட்டது நான்தான் சார். அதனால கிழிக்கிறதும் நான்தான்" என்று சொல்லித் தாளை அவர் கையிலிருந்து வாங்கி நான்காகக் கிழித்தார்.

ஒட்டடை வேறு பக்கம் பார்த்துக்கொண்டான், ஆனால் அவன் தோள் குலுங்கியது.

சத்தம் கேட்டு கேப்டன் இறங்கிவந்தார். நரைத்த மனிதர், சிக்கனமாகப் பேசுகிறவர். தராசு விளக்கவில்லை. முன்காலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். பிறகு வாலுக்குக் கூட்டிவந்து தன் அடையாள அட்டையைக் கம்புக்கும் வாலுக்கும் நடுவில் செருகப் பார்த்தார். அட்டை நுழையவில்லை. கேப்டன் ஒரு நிமிடம் பின்வரிசை ஜன்னல்களைப் பார்த்தார். பிறகு மேலாளரிடம், எல்லோரையும் இறக்கி நிறுக்கச் சொன்னார். விமானியின் சொல்லுக்குமேல் நிலையத்தில் சொல் கிடையாது.

சரக்குப் பிரிவிலிருந்து பலகைத் தராசை உருட்டிக்கொண்டு வந்தார்கள். பளு தூக்குகிறவர்களுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. தினம் எடை பார்க்கிற ஜாதி, வரிசையாக வந்து ஏறி நின்றார்கள். அவர்களுடைய பயிற்சியாளர்தான், இருப்பவர்களில் மிகப் பருமன், தன்னையும் நிறுக்க வேண்டுமா என்று இழுத்தார். "நீங்கதான் சார் முதல்ல" என்றார் தராசு. முள் வட்டத்தைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டார்.

பயிற்சியாளரையும் சேர்த்துப் பதினேழு பேருக்கும் மொத்தம் ஆயிரத்து எழுநூற்று எண்பத்தைந்து கிலோ. தாளில் எழுதியதைவிட ஐந்நூற்றுப் பத்து அதிகம். அதாவது ஏறக்குறைய ஏழு பேர் சீட்டு வாங்காமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மாதிரி. தன் மதிப்பீடு பதினைந்து கிலோ பிசகியதற்குத் தராசு சொன்ன காரணம், சரக்குப் பிரிவின் தராசு பழையது என்பது.

பத்து பேரை முன்வரிசைகளுக்கு மாற்றினார்கள். அவர்களுடைய இரும்புத் தட்டுகள் இருந்த பெட்டிகளைப் பின்னறையிலிருந்து முன்னறைக்கு மாற்றினார்கள். தராசு புதுத் தாளைக் கையாலேயே எழுதினார். முன்கால் தண்டு மூன்று விரலுக்கு அமுங்கியதும் கம்பைத் திறந்துவிட்டார். விமானம் ஐம்பத்திரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பி, ஒரு அசைவில்லாமல் ஏறிப் போயிற்று.

மறுவாரம் விசாரணை. அதற்கு முந்தின நாள் மேலாளர் தராசைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை, தன் கணக்கும் தப்பிக்க வேண்டும், இவரையும் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு வழி யோசித்திருந்தார். தாமதம் லோடு மேஜையால் இல்லை, செக்-இன் கவுண்டரால் என்று எழுதிவிடலாம். பருமனான பதினேழு பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தது கவுண்டர்தானே? அங்கே இருந்த பெண்ணுக்கு ஒரு மெமோ, அவ்வளவுதான். சின்ன வயது, தாங்கிக்கொள்வாள். இவருடைய மேஜை பிழைக்கும்.

விமானம் தாமதமான அன்று கவுண்டரில் இருந்தது தராசின் மகள். மேலாளருக்கும் அது தெரியும்.

மேலாளர் கூப்பிட்டுப் பேசிய அன்று, வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த யோசனை காதில் விழுந்திருந்த மகளே பேச்சை எடுத்தாள். தேர்வு எழுதி, அப்பா பெயரை எங்கும் சொல்லாமல், சொந்தமாக வேலை வாங்கியவள். பிடிவாதத்தில் அப்பனை மிஞ்சினவள் என்று வீட்டுக்காரி சொல்வது சும்மா இல்லை.

"அப்பா, என் பேரை எழுதிக் குடுத்துடுங்க. எனக்கு ஒரு மெமோ வரும், அவ்வளவுதான். உங்களுக்கு அந்த மேஜையே போயிடும்."

"நீ தப்புப் பண்ணியா?"

"இல்ல. சேந்து உக்காரணும்னு கேட்டாங்க, குடுத்தேன். எழுபத்தஞ்சுன்னுதான் அடிக்கணும், அதைத்தான் அடிச்சேன். வேற எண்ணை அடிச்சா மெஷின் வாங்காது."

"அப்ப செய்யாத தப்புக்கு நீ மெமோ வாங்குவ. அந்த மெமோ மேல மேஜையைப் போட்டு நான் மூணு வருஷம் உக்காரணும். அப்படித்தானே?"

வீட்டுக்காரி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "முதுகு வலி தைலம் தீந்து போச்சு. வரும்போது பெரிய பாட்டிலா வாங்கிட்டு வாங்க, இனிமே தேவைப்படும்" என்றாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். குளிர் அறை, நீள மேஜை, மூன்று தண்ணீர் கிளாஸ். அச்சடித்த படிவம் ஒன்றை நீட்டினார்கள். தாமதம்: ஐம்பத்திரண்டு நிமிடம். பொறுப்பு: லோடு மேஜை. காரணம்: ஊழியரின் தவறான கணிப்பு. கீழே கையெழுத்துக்கு இடம்.

கவுண்டர் விஷயத்தை மேலாளர் மறுபடியும் ஒருமுறை கோடிகாட்டினார். கவுண்டருக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தராசு சொன்னார். அப்படியானால் தவறான கணிப்பு என்பதற்குக் கையெழுத்துப் போடுங்கள் என்றார் அதிகாரி. தராசு பேனாவை எடுத்தார். காரணம் என்று எழுதியிருந்த வரியை அடித்தார். அதன் பக்கத்தில், ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவனின் பெரிய பெரிய எழுத்தில், ஓரத்தைத் தாண்டி எழுதினார்: ஒரே மாதிரி ஆட்கள் கூட்டமாக வந்தால் எழுபத்தைந்து கிலோ என்ற எண் பொய். அவர்களை நிறுத்துத்தான் ஏற்ற வேண்டும். அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி முகம் சிவந்தார். படிவத்தில் திருத்தம் செய்யும் அதிகாரம் இவருக்கு இல்லை என்றார். அந்த எண்ணை நிர்ணயித்தது நிபுணர்கள் என்றார். இன்னொரு படிவம் எடுத்து வைத்தார்.

"சார், எத்தனை படிவம் வேணா குடுங்க. எல்லாத்துலயும் இதைத்தான் எழுதுவேன். தாமதத்தை என் பேர்ல போட்டுக்குங்க, நான் தடுக்கல. நிறுத்தினவன் நான். மேஜையையும் எடுத்துக்குங்க. ஆனா அந்தப் பதினேழு பேரை எழுபத்தஞ்சு கிலோன்னு என் வாயால சொல்ல வைக்க முடியாது. அந்த எடையை நான் பாத்துட்டேன்."

மூன்று படிவம் வைத்தார்கள். மூன்றிலும் அதையே எழுதினார். நான்காவது படிவம் அவர்களிடம் கைவசம் இல்லை. கிறுக்கப்பட்ட மூன்றையும் கோப்பில் வைத்துக்கொண்டு அதிகாரி திரும்பிப் போனார். மாலைக்குள் விலக்கு ரத்தானது.

அடுத்த திங்கட்கிழமை தராசு காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு மூட்டைப் பிரிவில் நின்றார். ஐம்பத்தைந்து வயது. தலைகுனிந்து வருவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். மேஜைக்கு வரும்போது எப்படி நிமிர்ந்து வருவாரோ அப்படியேதான் வந்தார். முதல் வாரம் முதுகு கேட்கவில்லை. இரண்டாவது வாரம் முதுகு வழிக்கு வந்தது. மேஜையில் பத்தாம் வகுப்புத் தேறிய ஒருவர் உட்கார்ந்தார், நல்ல மனிதர். கேப்டன்கள் அவரிடம் தாளை வாங்கிக்கொண்டு, ஏறுமுன் முன்காலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நின்று, பெட்டி தள்ளிக்கொண்டிருக்கும் தராசைப் பார்ப்பார்கள். தராசு விரலைக் காட்டுவார்: இரண்டு, மூன்று. அவர்கள் தலையை ஆட்டிவிட்டு ஏறுவார்கள். மேலாளர் இதைப் பார்த்தார். தடுக்க ஒரு விதியும் அவருக்குக் கிடைக்கவில்லை. வாயைத் திறக்காமல் விரலை நீட்டினால் அது எந்தப் படிவத்தில் வரும்?

நான்கு மாதம் ஆனது. ஒரு காலைக் கூட்டத்தில் மேலாளர் தலைமை அலுவலகத்தின் புதுச் சுற்றறிக்கையை வாசித்தார். விளையாட்டு அணிகள், படை வீரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போன்று ஒரே தன்மையுள்ள பயணிகள் கூட்டமாக வரும்போது, ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ என்ற எண்ணைப் பயன்படுத்தக்கூடாது. அவர்களை நிறுத்து, உண்மையான எடையையே எழுத வேண்டும். நிபுணர் குழுவின் பரிந்துரையின்பேரில் இந்த முடிவு எடுக்கப்பட்டதாக அதில் இருந்தது. குழுவில் யார் யார் என்று நான்கு பெயர்கள். மூட்டைப் பிரிவு பற்றி ஒரு சொல் இல்லை. ரத்தான விலக்கு பற்றியும் ஒரு சொல் இல்லை.

வாசித்து முடித்ததும், படித்துப் புரிந்துகொண்டேன் என்று ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டிய தாள் சுற்றி வந்தது. கவுண்டர் ஆட்கள் போட்டார்கள். மேஜை ஆள் போட்டார். ஒட்டடை போட்டான். தராசிடம் வந்ததும் அவர் கண்ணாடியை மாட்டி, சுற்றறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை தானே ஒருமுறை வாசித்தார். அவருக்கு வாசிக்க நேரம் ஆகும் என்பது தெரிந்ததுதான்; எல்லோரும் நின்றார்கள். எழுதியிருந்த கணக்கில் பிழை இல்லை. தாளை மடக்காமல் கையெழுத்துப் போடாமல் மேலாளர் முன்னால் திருப்பி வைத்தார்.

"பெரியவரே, எல்லாரும் போடணும். படிச்சேன்னு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்."

"படிச்சவங்க போட்டாங்க சார். எழுதினவன்கிட்ட வந்து படிச்சியான்னு கேக்கக் கூடாது."

மேலாளர் தாளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தராசின் பெயருக்கு நேராக இருந்த காலிக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, தாளைக் கோப்பில் வைத்து மூடினார். வெளியே ஒன்பது மணி விமானத்துக்குப் பெட்டிகள் வந்துவிட்டன. தராசு கையுறையை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.